மூத்த ஆன்லைன் விளையாட்டுகளும் அவற்றில் எஞ்சியிருக்கும் ஆட்டக்காரர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைன் விளையாட்டு என்றதும் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமும், புதிதாக வெளிவந்து பரபரப்பாகப் பேசப்படும் ஆட்டங்களுமே நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வெளிவந்து, இன்று சில நூறு பேராலோ சில ஆயிரம் பேராலோ மட்டும் ஆடப்பட்டுவரும் விளையாட்டுகளைப் பற்றி எழுதுவோர் அரிது. அத்தகைய ஒரு விளையாட்டை நெடுங்காலமாக ஆடிவருபவன் நான். அதில் 'கில்ட்' எனப்படும் ஆட்டக்காரர் குழு ஒன்றைப் பிறரோடு சேர்ந்து நடத்தியும் வருகிறேன். அந்தச் சமூகங்கள் ஏன் சுருங்குகின்றன, அவற்றைக் காப்பாற்ற எது உதவும் என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பழைய விளையாட்டு என்றால் அதன் காட்சிகள் பழசாகிவிட்டன, ஆட்கள் புதியதைத் தேடிப் போய்விட்டார்கள், இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதே பொதுவான எண்ணம். இந்த எண்ணம் முழு உண்மையன்று. 1996-ல் தென்கொரியாவில் வெளிவந்த 'கிங்டம் ஆஃப் தி விண்ட்ஸ்', 1997-ல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்', அதே ஆண்டில் ஜெர்மனியில் மாணவர்கள் சிலர் தொடங்கிய 'டிபியா', 1999-ல் வந்த 'எவர்குவெஸ்ட்' ஆகிய நான்கும் இன்றுவரை நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றைவிடப் பல மடங்கு அழகான காட்சிகளோடும், பெருஞ்செலவோடும் பின்னால் வந்த எத்தனையோ விளையாட்டுகள் ஓரிரு ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. வயதுதான் காரணம் என்றால் இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

நான் கண்டவரை, இத்தகைய சமூகம் ஒன்றை அழிப்பது ஆட்களின் எண்ணிக்கை குறைவதைக் காட்டிலும், இருப்பவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க முடியாமல் போவதுதான். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு விளையாட்டில் 300 பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் இருபத்து நான்கு மணி நேரத்திலும் பரவிக் கிடந்தால், எந்த ஒரு கணத்திலும் சராசரியாக 25 பேர்தான் உள்ளே இருப்பார்கள். அந்த 25 பேரும் மூன்று சர்வர்களில் (விளையாட்டு உலகின் தனித்தனி நகல்களை இயக்கும் கணினிகளில்) பிரிந்து, ஒவ்வொரு சர்வரிலும் வெவ்வேறு லெவலில், வெவ்வேறு பகுதிகளில் இருந்தால், ஆறு பேர் தேவைப்படும், டஞ்சன் எனப்படும் எதிரிகள் நிறைந்த குகை ஒன்றுக்குள் நுழைய ஆள் சேராது. ஆனால் அதே 300 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் ஒரே சர்வரில், வாரத்தில் ஒரு நாள், குறித்த ஒரு மணி நேரத்தில் கூடினால் அங்கே நூறு பேர் இருப்பார்கள். நூறு பேர் நிற்கும் இடத்தை எவரும் செத்துப்போன விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சிதறல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஆள் சேரும்வரை அரை மணி நேரம் காத்திருந்த ஒருவர் சலித்துப்போய் வெளியேறுகிறார், அவருடைய இடம் காலியாவதால் அடுத்தவரின் காத்திருப்பு முக்கால் மணி நேரமாகிறது, அவரும் போய்விடுகிறார். விளையாட்டின் மீது எவருக்கும் வெறுப்பு வந்துவிடவில்லை. "யாருமே இல்லை" என்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொருவராகக் கிளம்பிய பின், உண்மையிலேயே யாரும் இல்லாமல் போகிறது. குழுவாகச் சேர்ந்தே முன்னேற முடியும் என்ற முறையில் அமைக்கப்பட்ட விளையாட்டுகள்தாம் இதில் முதலில் அடிபடுகின்றன. எவர்குவெஸ்ட் போன்ற விளையாட்டுகளில் காயத்தை ஆற்றுபவர், அடியைத் தாங்குபவர், தாக்குபவர் என்று வேலை பிரிக்கப்பட்டிருப்பதால், ஐந்து பேர் தயாராக இருந்தும் காயம் ஆற்ற ஒருவர் இல்லையென்றால் ஐந்து பேரும் சும்மா நிற்க வேண்டியிருக்கும்.

ஆகவே நிறுவனம் முதலில் செய்ய வேண்டியது, காலியாகக் கிடக்கும் சர்வர்களை உரிய காலத்தில் ஒன்றாக இணைப்பது. பெரும்பாலான நிறுவனங்கள் இதை மிகத் தாமதமாகவே செய்கின்றன. இணைப்பு அறிவிப்பு வெளியானால் விளையாட்டு வீழ்ந்துவிட்டது என்று செய்தி பரவும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆட்டக்காரர்களும் எதிர்க்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. பத்தாண்டுகளாகத் தாங்கிவந்த பெயரை வேறொரு சர்வரிலிருந்து வருபவரும் வைத்திருந்தால் யார் விட்டுக்கொடுப்பது, வீடு கட்டும் வசதியுள்ள விளையாட்டுகளில் ஒரே மனையில் இருவரின் வீடுகள் இருந்தால் எதை வைப்பது என்பவை எளிதில் தீராத வழக்குகள். பல ஆண்டுகளாக உள்ளே வராதவரின் பெயரை மாற்றிவிட்டு, தொடர்ந்து ஆடுபவரின் பெயரைக் காப்பதே நியாயமான வழி என்பது என் கருத்து. விட்டுப்போனவர் மீண்டும் ஒருநாள் திரும்பினால், இழந்த பெயருக்கு ஈடாக ஏதேனும் ஒரு சிறப்பு அடையாளத்தைக் கொடுக்கலாம். 2003-ல் தொடங்கிய 'ஈவ் ஆன்லைன்', சீனாவுக்கான தனி சர்வரை விட்டுவிட்டுப் பார்த்தால், தன் ஆட்டக்காரர்கள் அனைவரையும் ஒரே உலகத்தில் வைத்திருப்பதும், அது இத்தனை காலம் நிலைத்திருப்பதும் தற்செயலன்று.

ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டியது நேரத்தை ஒன்றுகுவிப்பது. வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், மாறாமல் நடக்கும் ஒரு சந்திப்பு, விளையாட்டில் புதியவற்றைச் சேர்க்கும் மிகப் பெரிய பேட்ச் ஒன்றைவிட அதிக நன்மை செய்யும் என்பதை எங்கள் குழுவின் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். பேட்ச் வந்த வாரத்தில் பலர் எட்டிப் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் அவர்களைக் காண்பதில்லை. குறித்த நேரத்தில் பலர் திரண்டு பெரிய எதிரியைத் தாக்கும் ரெய்டுக்கோ பந்தயத்துக்கோ பழகியவர்கள், வேலை மாறினாலும் குடும்பப் பொறுப்புகள் கூடினாலும், அந்த ஒரு மணி நேரத்தை எப்படியாவது ஒதுக்கிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சந்திப்பு ஒருபோதும் ரத்தாகக் கூடாது. நான்கே பேர் வந்தாலும் நான்கு பேருக்கு ஏற்ற ஏதேனும் ஒன்றை நடத்த வேண்டும். ஒருமுறை வந்து வெறும் இடத்தைக் கண்டவர் மறுமுறை வரமாட்டார். உலகின் வெவ்வேறு நேர மண்டலங்களில் ஆட்கள் இருந்தால் இரண்டு நேரங்கள் போதும்; எல்லோருக்கும் வசதி செய்கிறோம் என்று ஐந்தாறு நேரங்களை வைத்தால், சேர்த்த கூட்டத்தை நாமே பிரித்தவர்களாவோம்.

அடுத்து, புதியவர்கள். மூத்த ஆட்டக்காரர்கள் பலர் "இனி யாரும் புதிதாக வரப்போவதில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வருகிறார்கள்; வந்து ஓரிரு நாளில் போய்விடுவதால்தான் அவர்கள் கண்ணில் படுவதில்லை. தொடக்கநிலைப் பகுதிகளில் ஆள் நடமாட்டமே இல்லாதபோது, உச்ச லெவலில் கூடி நிற்கும் ஐம்பது பேர் இருப்பதே புதியவருக்குத் தெரியாது. இதற்கு நல்ல தீர்வுகளைக் கண்ட விளையாட்டுகள் உண்டு. 2004-ல் வெளிவந்த 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' தொடக்கத்திலேயே ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தது. உயர்ந்த லெவலில் இருப்பவர் தாழ்ந்த லெவலில் இருக்கும் நண்பரைத் துணைவராக அழைத்துக்கொண்டால், நண்பரின் ஆற்றல் தற்காலிகமாக உயர்ந்து இருவரும் ஒன்றாக ஆட முடியும். 2005-ல் வந்த 'கில்ட் வார்ஸ்' மறு ஆண்டே, கணினி இயக்கும் துணைப் பாத்திரங்களை ஆட்டக்காரர் தாமே ஆயுதமும் திறனும் தேர்ந்து உடன் அழைத்துச் செல்ல வழி செய்தது. 'ஃபைனல் ஃபேன்டஸி 11' 2013-ன் இறுதியில் இதே நோக்கில் வேறொரு முறையைக் கொண்டுவந்தது. துணைப் பாத்திரங்கள் மனிதருக்கு மாற்றாகிவிடும் என்று அப்போது குறை சொன்னவர்கள் இருந்தார்கள். தனியாக வந்த புதியவர் மனிதர்கள் இருக்கும் இடம்வரை நடந்துவருவதற்கு அவை வழித்துணை என்பதால், அந்தக் குறையை நான் ஏற்கவில்லை.

மென்பொருள் இதைச் செய்யாத இடத்தில் மனிதர்கள்தான் செய்ய வேண்டும். மூத்தவர்கள் சிலர் புதிய பாத்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டு, மாதத்தில் சில நாள்களாவது தொடக்கநிலைப் பகுதியில் ஆடினாலே புதியவரின் திரையில் இன்னொரு பெயர் தெரியும். அவர் கேட்கும் கேள்வி ஆயிரம் முறை கேட்கப்பட்டதாக இருக்கலாம். அவருக்கு அது முதல் முறை. பழைய வழிகாட்டிப் பக்கங்களைத் தேடிப் படித்துக்கொள்ளும்படி சொல்லி அனுப்புவது விடையாகாது, ஏனெனில் அவற்றில் பல, இப்போது இல்லாத விதிகளை விளக்குபவை. அதே சமயம், புதியவர் கையில் விலை உயர்ந்த ஆயுதங்களையும் மூட்டை மூட்டையாகத் தங்கத்தையும் அள்ளிக் கொடுத்துவிடும் மூத்தவர்களின் தாராளத்தையும் நான் ஆதரிப்பதில்லை. அன்பினால்தான் கொடுக்கிறார்கள் என்றாலும், தேடிச் சேர்க்கும் சுவையை அது முதல் நாளிலேயே பறித்துவிடுகிறது. பொருளைக் கொடுப்பதற்குப் பதிலாக அது கிடைக்கும் குகைக்கு உடன் செல்வதே மேலான உதவி.

முற்றிலும் புதியவர்களைவிட எளிதில் திரும்ப வரக்கூடியவர்கள் முன்பு ஆடி விட்டுப்போனவர்கள். அவர்களுக்கு விளையாட்டு தெரியும், நினைவுகள் இருக்கின்றன, சில பழைய நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் கடவுச்சொல். கணக்கு தொடங்கிய மின்னஞ்சல் முகவரி இப்போது இல்லை. விளையாட்டு இரண்டு மூன்று நிறுவனங்களின் கை மாறியிருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளக் கொடுக்கப்பட்ட கெடு முடிந்துபோயிருக்கிறது. பதினைந்து ஆண்டு உழைப்பில் வளர்த்த பாத்திரத்தைத் திறக்க வழியில்லை என்று தெரிந்ததும், புதிதாகத் தொடங்க மனமில்லாமல் திரும்பிப் போனவர்களை நான் நன்கு அறிவேன். கணக்கை மீட்டுத் தருவதற்குத் தானியங்கிப் பதில் அனுப்பும் இயந்திரத்தை அல்லாமல், பழைய ரசீதையும் பாத்திரத்தின் விவரங்களையும் பார்த்து முடிவெடுக்கக்கூடிய ஒரு மனிதரை நியமிப்பது, எந்த விளம்பரத்தைவிடவும் அதிகம் பேரைக் கொண்டுவரும்.

சிறிய சமூகங்களில் எவரும் பேசத் தயங்கும் இன்னொன்றும் உண்டு. ஒருவர் மற்றவர்களை இழிவாகப் பேசுகிறார், புதியவர்களைத் துரத்தித் துரத்தித் தொல்லை தருகிறார், ஆனாலும் "இருப்பதே கொஞ்சம் பேர், இவரையும் நீக்கிவிட்டால் என்ன ஆவது?" என்று ஒழுங்கைக் கண்காணிக்கும் மாடரேட்டர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கு அடியோடு தவறானது. அந்த ஒருவரால் சத்தமில்லாமல் வெளியேறியவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாததால்தான் அவர் ஒரு ஆளாக எண்ணப்படுகிறார். பெரிய விளையாட்டில் இப்படிப்பட்டவரை விலகிப் போய்விடலாம். நூறு பேர் மட்டும் உள்ள இடத்தில் அவரைத் தவிர்க்கவே முடியாது. சமூகம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கண்டிப்பு தேவை.

பொறுப்புகள் ஒருவரிடமே குவிந்திருப்பதும் ஆபத்து. குழு உரையாடும் டிஸ்கார்ட் சர்வர் ஒருவர் பெயரில், தகவல் தொகுத்த விக்கியும் அவர் பெயரில், இணைய முகவரிக்கான ஆண்டுக் கட்டணம் அவருடைய வங்கி அட்டையில் என்றுதான் பல இடங்களில் நடக்கிறது. அவருக்கு உடல்நலம் குன்றினாலோ ஆர்வம் போனாலோ, இருபது ஆண்டுத் தொகுப்பு ஒரே நாளில் மறைகிறது. குறைந்தது மூவரிடம் சாவி இருக்க வேண்டும், தொகுப்பின் நகல் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். 'ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டின் விக்கியைத் தொகுத்துவந்த தன்னார்வலர்கள், 2018-ல் விளம்பரங்கள் நிறைந்த பழைய தளத்தை விட்டு வெளியேறி, விளையாட்டு நிறுவனத்தின் ஆதரவோடு சொந்தத் தளத்தை அமைத்துக்கொண்டது மற்றவர்களும் பின்பற்றத்தக்க முன்மாதிரி.

நிறுவனங்களின் கொள்கையைப் பொறுத்தவரை இரு விளையாட்டுகளின் வரலாற்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2003-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்', கூடுதலான ஆட்களை ஈர்க்கும் நோக்கில் 2005 நவம்பரில் தன் அடிப்படை விதிகளையே மாற்றியமைத்தது; முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களாக விரிந்திருந்த ஆட்டமுறை ஒன்பது தொழில்களாகச் சுருக்கப்பட்டது. இருந்தவர்களில் பெருந்தொகையினர் வெளியேறினர். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. 2011 டிசம்பரில் விளையாட்டு மூடப்பட்டது. 'ரூன்ஸ்கேப்' விளையாட்டை நடத்தும் நிறுவனமும் இதே போன்ற மாற்றங்களால் தன் ஆட்டக்காரர்களின் கோபத்துக்கு ஆளானது. ஆனால் 2013-ல் அது ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, கையிருப்பில் இருந்த 2007-ஆம் ஆண்டுப் பிரதியைத் தனி விளையாட்டாகத் திறந்துவிட்டது. அதில் முக்கியமான எந்தப் புதுமையும் ஆட்டக்காரர்களின் வாக்குக்கு விடப்பட்டது. தொடக்கத்தில் 75 சதவீதமும் பின்னர் 70 சதவீதமும் ஆதரவு கிடைத்தால் மட்டுமே சேர்க்கப்பட்டது. பழையது என்று ஒதுக்கப்பட்ட அந்த வடிவம் இன்று மூல விளையாட்டைவிட அதிகம் பேரால் ஆடப்படுகிறது. எல்லா முடிவுகளையும் வாக்கெடுப்புக்கு விட முடியாது என்பது உண்மைதான். ஆனால் இருக்கும் ஆட்டக்காரர்களை இழந்து வராத ஆட்டக்காரர்களைத் தேடுவது எப்படி முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடைசியாக, மூடும் நாளைப் பற்றி. இலாபம் இல்லாத ஒன்றை எந்த நிறுவனமும் என்றென்றும் நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சதுரங்கப் பலகையைச் செய்தவர் கடையை மூடினாலும் பலகை நம் வீட்டில் இருக்கும். சர்வரை நிறுத்தினால் ஆன்லைன் விளையாட்டு எவர் வீட்டிலும் இருக்காது. 2014-ல் வெளியான 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, விலை கொடுத்து வாங்கியவர்களால் அதைத் தனியாளாகக்கூட ஆட முடியாமல் போனது. அதன் விளைவாகத் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

அது நடக்கக்கூடியதே. 1996-ல் வந்த 'மெரிடியன் 59' 2000-ல் மூடப்பட்டது. 2002-ல் வேறு கைகளில் மீண்டும் திறக்கப்பட்டது. 2012-ல் அதன் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டது. எவர்குவெஸ்ட்டின் தொடக்க கால வடிவத்தை இலவசமாக நடத்திவந்த ரசிகர் சர்வர் ஒன்றுடன், அதன் உரிமையாளர்கள் 2015-ல் உடன்பாடு செய்துகொண்டனர். சிட்டி ஆஃப் ஹீரோஸின் கதை இன்னும் நீண்டது. ஆட்டக்காரர்கள் திரண்டு வேண்டுகோள் விடுத்தும், மூன்று மாத அறிவிப்போடு 2012 நவம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. அதன் சர்வர் நிரலைச் சிலர் இரகசியமாக வைத்து நடத்திவந்தது 2019-ல் வெளியே தெரிந்தது; பிறகு பலர் திறந்த சர்வர்களில் பழைய ஆட்டக்காரர்கள் திரளாக வந்து சேர்ந்தார்கள். 2024 ஜனவரியில் உரிமை நிறுவனமான என்சிசாஃப்ட், அவற்றுள் பெரியதை நடத்தும் தன்னார்வலர்களுக்கு முறைப்படி அனுமதி வழங்கியது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின் கொடுக்க முடிந்த அனுமதியை முதல் ஆண்டிலேயே கொடுத்திருந்தால், அந்த இடைக்காலத்தில் சிதறிப்போன எத்தனையோ குழுக்கள் சேர்ந்தே இருந்திருக்கும்.

ரசிகர்கள் நடத்தும் சர்வர்கள் எல்லாம் நேர்மையானவை என்று நான் வாதாட வரவில்லை. நன்கொடை என்ற பெயரில் ஆயுதங்களை விற்பவர்களும், ஆட்டக்காரர்களின் கடவுச்சொற்களைப் பாதுகாப்பின்றி வைத்திருப்பவர்களும் உண்டு. முறைப்படியான அனுமதி இருந்தால்தான் இவற்றுக்கு நிபந்தனை விதிக்க முடியும். மறைவில் நடப்பதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. இன்று விளையாட்டு ஒன்றை மூட நினைக்கும் நிறுவனங்கள், குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே நாளைக் குறிப்பிட்டு அறிவிக்கட்டும். அந்தக் காலத்துக்குள் ஆட்டக்காரர்கள் தங்கள் உரையாடல்களையும் படங்களையும் சேமித்துக்கொள்ள வசதி தரட்டும். இலாப நோக்கின்றி நடத்த முன்வரும் குழு இருந்தால், சர்வர் நிரலையும் எழுத்துப்பூர்வமான அனுமதியையும் சர்வர் நிற்கும் நாளுக்கு முன்பே அவர்களிடம் ஒப்படைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகன்